வளவுக்குள் வரும் கண்ணாடி இழை

வீட்டு இணைய இணைப்புக்கென இழுக்கப்படும் கறுத்த வயரைப் பழைய தொலைபேசிக் கம்பி என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே செம்பு இல்லை. தலைமயிர் போன்ற கண்ணாடி இழை. செய்தி அதனூடாக ஒளியாக ஓடுகிறது. இறுக்கி மடித்தால் ஒளி கசிந்துவிடும். ஆகவே சுவர் மூலையில் தேநீர்க் கோப்பையின் வாயளவு வட்டமாக வளைத்து விடுங்கள். அறுந்தால் முறுக்கிப் பொருத்த இயலாது, உருக்கி ஒட்டும் கருவியோடு ஆள் வரவேண்டும். வேலி வெட்டும் கத்திக்கு இது தெரியாது! அறுந்த நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

செம்புக் கம்பியில் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் நிலையத்திலிருந்தே வந்தது. கண்ணாடி மின்சாரம் கடத்தாது. கரண்ட் நின்றால், மாற்று பற்றறி இல்லாத வீட்டில் இணையமும் அந்தத் தொலைபேசியும் நின்றுவிடும்.

சொந்தக் காணிக்குத் திரும்பக் காத்திருப்போர், ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இணைப்பை இடம் மாற்ற என்ன கட்டணம் என்று கேட்டறிந்த பின்பே கையொப்பமிடுங்கள்.