தேவதாரு மறைக்கும் வானம்

குமாவுன் மலை வீடுகளில் டி.டி.எச். கம்பெனியை மாற்ற உரிமையாளர் முடிவெடுத்தால் மட்டும் போதாது. மரமும் மலை முகடும் சம்மதிக்க வேண்டும்.

காத்கோதாமோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் சாலை. நைனிதால் மாவட்டத்தின் ராம்கட், முக்தேஸ்வர் பகுதிகளை நெருங்கும்போது ஆப்பிள் தோட்டங்களுக்கும் தேவதாரு மரங்களுக்கும் இடையே தகரக் கூரைகள் தெரிய ஆரம்பிக்கும். இவற்றில் பல, தில்லிக்காரர்கள் கட்டிய விடுமுறை வீடுகள். மே, ஜூன் வெயிலுக்குப் பயந்து பத்து நாள், ஆண்டு முடிவில் நான்கு நாள் என்று அவர்கள் வந்து போகிறார்கள். மற்ற நாட்களில் வீட்டுக்குக் காவல் சௌக்கிதார். பின்கட்டில் மனைவி, குழந்தைகளோடு அவர் குடியிருப்பார்.

கூரையில் டிஷ். கூடத்தில் பெரிய டி.வி. அது ஓரங்கட்டிய பழைய டி.வி. பின்கட்டில், அதே கணக்கில் இரண்டாவது பாக்ஸோடு. ரீசார்ஜ் செய்வது தில்லி, பார்ப்பது பின்கட்டு. பல வீடுகளில் ஏற்பாடு இதுதான்.

பதினான்கு நாள் பார்ப்பதற்குப் பன்னிரண்டு மாதச் சந்தாவா என்ற கேள்வி உரிமையாளருக்கு ஒருநாள் வந்தே தீரும். வேறு கம்பெனி கொஞ்சம் மலிவாகத் தருவதாக விளம்பரமும் வந்திருக்கும். நகரத்தில் என்றால் ஒரு போன் போதும்; மறுநாள் ஆள் வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போவார். மலையில் கம்பெனி மாறுவது என்றால் வானத்தில் வேறு ஜன்னலைத் தேட வேண்டும்.

காரணம் எளிது. டி.டி.எச். செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒவ்வொன்றும் தனக்குரிய தீர்க்கரேகையில், அசையாததுபோல் நிற்கின்றன. டாடா பிளே ஒளிபரப்புவது கிழக்கு 83 டிகிரியிலிருந்து. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷுக்கு 93.5. டிஷ் டி.வி.க்கு 95. ஏர்டெல்லுக்கு 108.2. முக்தேஸ்வரிலிருந்து பார்த்தால் முதலாவது ஏறக்குறைய நேர் தெற்கில், அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதோ தென்கிழக்கில், 43 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது.

இந்த 12 டிகிரி வித்தியாசம் சென்னை மொட்டை மாடியில் யாருக்கும் உறைக்காது. மலைச்சரிவில் உறைக்கும். டிஷ்ஷைவிட 30 மீட்டர் உயர்ந்து நிற்கும் தேவதாரு தெற்கே இருந்தால், 20 மீட்டருக்குச் சற்று மேல் விலகியிருப்பதே போதும், 83 டிகிரிக்காரருக்குத் தொந்தரவில்லை. அதே மரம் தென்கிழக்கில் இருந்தால் 108 டிகிரிக்காரருக்கு 30 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். ஆகவே பள்ளத்தாக்கின் ஒரு கரையில் ஒரு கம்பெனியும் எதிர்க்கரையில் இன்னொன்றும் செல்வாக்காக இருந்தால் அதில் விற்பனைத் திறமைக்குப் பெரிய பங்கில்லை. மலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

மரத்தை வெட்டிவிடலாமே என்று தோன்றும். சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி தேவதாருவைத் தொட முடியாது. ஒரு டி.வி. தொடருக்காக நூறு வயது மரத்தைச் சாய்ப்பதை வனத்துறை ஏற்காது, ஏற்கவும் கூடாது. எனவே டிஷ்தான் நகர்கிறது. கூரையிலிருந்து முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து கீழ்ப்படித் தோட்டத்தில் நட்ட இரும்புக் குழாய்க்கு. ஆள் வெளியே டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, உள்ளே சிக்னல் பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவன் "ஆ கயா!" என்று கத்த வேண்டும். கேபிள் நீளும். நீண்ட கேபிளை லங்கூர்கள் ஊஞ்சலாக்கும்.

ஒரு டிகிரி இரண்டு டிகிரி என்ன செய்துவிடும் என்பவர்கள் 2010-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சக்தி பாதியாகக் குறைந்தது. அதிலிருந்து ஒளிபரப்பிய சன் டைரக்ட் மலேசியாவின் மீசாட்-3-க்கு மாறியது. இடைவெளி வெறும் இரண்டு டிகிரி. அதற்கே வீடு வீடாக டிஷ்களைத் திருப்ப வேண்டியதாயிற்று. 2018-ல் டிஷ் டி.வி.யும் வீடியோகான் டி2எச்-சும் இணைந்தபோதுகூட, கம்பெனிதான் ஒன்றானது. வாடிக்கையாளர்களின் டிஷ்கள் பழையபடி இரண்டு திசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கழற்றிய பாக்ஸ் என்னாகிறது? எந்தக் கம்பெனியின் பாக்ஸும் எல்லாக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை 2001-ல் வெளியான டி.டி.எச். விதிமுறைகளிலேயே இருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2020-ல் டிராய் மறுபடி பரிந்துரைத்தது. மலை வீட்டுப் பரணில் தூங்கும் பாக்ஸ்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பின்கட்டுக்கு இதில் குரலே கிடையாது. சிக்கனம் பார்க்கும் உரிமையாளர் முதலில் நிறுத்துவது இரண்டாவது பாக்ஸைத்தான். ஐந்து மணிக்கு இருட்டிவிடும் டிசம்பரில், அடுத்த வீட்டு விளக்கு எதிர் மலையில் தெரியும் இடத்தில், செய்தியும் சீரியலும் கிரிக்கெட்டும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. செல்போன் இருக்கிறதே என்பார்கள். சரிவின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வீட்டில் சிக்னல் வேண்டுமென்றால் வாசலைத் தாண்டி மேட்டுக்கு ஏற வேண்டும். குடும்பம் முழுவதும் ஒரு போனைச் சுற்றி மேட்டில் நிற்க முடியுமா?

விவரம் தெரிந்த சௌக்கிதார்கள் ஃப்ரீ டிஷ் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குகிற செலவு ஒரு முறைதான். மாதச் சந்தா இல்லை. தில்லியில் யாரும் அணைக்கவும் முடியாது. 2007-ல் வந்த சட்டப்படி, இந்தியா ஆடும் ஒருநாள், டி20 போட்டிகளைத் தனியார் சானல்கள் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும். அந்த ஒளிபரப்பு ஃப்ரீ டிஷ்ஷில் வரும், கட்டண டி.டி.எச்.களில் வராது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விராட் கோலியை ஓசியில் பார்த்தது இந்த வகையில் பின்கட்டுதான். ஐ.பி.எல். மட்டும் இந்த ஏற்பாட்டில் சேராது. தில்லியில் வேலை பார்த்து இங்கே வீடு வாங்கிய தமிழர் யாராவது இருந்தால், அவருக்கும் அந்த டிஷ்ஷில் டிடி தமிழ் கிடைக்கும், சன் டி.வி.க்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

கட்டண டி.டி.எச்.சின் பொற்காலம் முடிந்துவிட்டது. 2020 இறுதியில் சுமார் 7 கோடியாக இருந்த சந்தாதாரர்கள் 2024-ல் 6 கோடிக்கும் கீழே இறங்கினார்கள். ஒருபக்கம் இணையம் இழுக்கிறது, மறுபக்கம் ஃப்ரீ டிஷ். மலை வீட்டு உரிமையாளர்களிலும் சிலர் லேப்டாப்பில் படம் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இதனால் ஒரே கூரையில் இரண்டு டிஷ்களைப் பார்க்கலாம். ஒன்று தெற்கே பார்த்து, சந்தா முடிந்து, துருவேறிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கிழக்கே திரும்பிய மற்றொன்றிலிருந்து கேபிள் பின்கட்டுக்கு இறங்குகிறது. ஜனவரியில் பனி விழுந்தால் இரண்டிலும்தான் நிரம்பும். ஏணி வைத்து ஏறும் சௌக்கிதாரின் துடைப்பம் இரண்டாவதைத்தான் துடைக்கிறது.