கல்லறையில் ஓர் ஆண் பெயர்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு அருகே, சால்மெட் என்னுமிடத்தில் போர்வீரர்களின் மயானம் ஒன்று இருக்கிறது. வரிசை வரிசையாக நிற்கும் கற்களுள் ஒன்றில் 'லையன்ஸ் வேக்மன்' என்று பொறித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கல்லின் கீழே உறங்குவது ஒரு பெண்! ஏழை உழவர் வீட்டுப் பெண்!

அவள் பெயர் சாரா ரோசெட்டா வேக்மன். 1843ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தாள். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவள். தகப்பனாருக்கு நிலம் இருந்தது, கடனும் இருந்தது. மூத்த பிள்ளையின் தலையில் குடும்பச் சுமை ஏறுவது எந்த நாட்டிலும் புதுமையல்லவே! வயலிலும் உழைத்தாள், பிறர் வீட்டிலும் வேலை செய்தாள். ஆனால் பெண்ணுக்குக் கிடைத்த கூலி மிகவும் சொற்பம்.

1862இல் ஆண் உடை தரித்து வீட்டை விட்டுப் புறப்பட்டாள். கால்வாய்ப் படகில் சில நாள் வேலை. அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. படையில் சேர்ந்தால் 152 டாலர் ஊக்கத்தொகை. மாதம் 13 டாலர் சம்பளம். பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே ஆகஸ்டு 30ஆம் நாள், 'லையன்ஸ்' என்ற பெயரில் 153ஆவது நியூயார்க் காலாட்படையில் சேர்ந்துவிட்டாள். வயது பத்தொன்பது, உயரம் ஐந்தடி!

வாஷிங்டனில் காவல் பணி. சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டுக்குப் பணம் போகும். கூடவே கடிதமும் போகும். போர் முடிந்ததும் சொந்தமாக நிலம் வாங்கிப் பயிர் செய்ய வேண்டும் என்பது அந்தக் கடிதங்களில் அவள் எழுதிய ஆசை.

1864இல் அவளுடைய படை லூசியானாவுக்குப் போயிற்று. ஏப்ரல் 9ஆம் நாள் பிளெசன்ட் ஹில் போர்க்களத்தில் நின்று சுட்டாள். எதிரியின் குண்டு அவளைத் தொடவில்லை. ஆனால் நீண்ட நடைக்குப் பின் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. மருத்துவமனையில் கிடந்து, ஜூன் 19ஆம் நாள் உயிர் நீத்தாள். வயது 21. அவள் பெண் என்பதைப் பற்றி மருத்துவமனை ஏடுகளில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தப் போரில் மாண்ட வீரர்களில் மூவரில் இருவரைக் கொன்றது நோய்தான். அசுத்தமான நீரும் கெட்ட உணவும் முகாம்தோறும் நோயைப் பரப்பின. கிருமிகளைப் பற்றி அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியாது. இன்றோ, கொதிக்க வைத்த நீர் நோயை வராமல் தடுக்கும் என்பதையும், வயிற்றுப்போக்கில் இழந்த நீரை உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீர் ஈடுசெய்யும் என்பதையும் நாம் அறிவோம். எத்தனை தாய்மார்களின் கண்ணீரை இந்த அறிவு துடைத்திருக்கிறது!

ரோசெட்டாவின் கடிதங்களைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1994இல் அவை நூலாக வெளிவந்தன. அவள் வாங்க நினைத்த நிலம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஆறடி மண். அதுவும் வேறொரு பெயரில்.