ஒரே டேங்கில் இரண்டு மருந்து: அடிக்கிறவர் உடம்புக்கு என்ன கணக்கு?

காய்ப்புழுவுக்கு ஒன்று, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு ஒன்று. ஆள் கூலியை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றி அடித்துவிடுகிறோம். கேட்டால், 'ரெண்டுமே அளவாத்தானே ஊத்தினேன்' என்போம். பயிருக்கு அது சரியாக இருக்கலாம். டேங்கைச் சுமக்கிறவரின் உடம்புக்குக் கணக்கு வேறு.

பாட்டிலில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் அந்த ஒரு மருந்தின் விஷத்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. இன்னொன்றோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அதில் இருக்காது.

சேர்த்துக் கணக்கிட ஆய்வாளர்களிடம் ஓர் எளிய வழி உண்டு. உடம்புக்குள் போன அளவை, அந்த மருந்தின் பாதுகாப்பு அளவால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு மருந்தின் பாதுகாப்பு அளவு 10 மில்லிகிராம், உள்ளே போனது 6 என்றால் 0.6. இன்னொன்றின் அளவு 2, போனது 1.4 என்றால் 0.7. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 1-க்குக் கீழே. கூட்டினால் 1.3. உடனே நோய் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பயமில்லை என்று இனி சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

உடம்பில் ஒரே இடத்தைத் தாக்கும் மருந்துகளுக்கு இந்தக் கூட்டல் நன்றாகப் பொருந்தும். குளோர்பைரிபாஸ், புரபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், டைமெத்தோயேட் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே குடும்பம். நரம்புக்கு வேண்டிய கோலினெஸ்டரேஸ் என்ற என்சைமை முடக்குவதுதான் இவற்றின் வேலை. கம்பெனி வேறு, பெயர் வேறு என்று இரண்டை வாங்கினாலும் உடம்புக்கு அது ஒரே விஷம்தான்.

ஆனால் ஒவ்வொன்றின் வீரியமும் வேறு. நெல் மூட்டையையும் கடலை மூட்டையையும் எண்ணிக் கூட்டினால் வரவு தெரியாது. ரூபாயாக மாற்றினால் தெரியும். அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டம் இப்படிச் சேர்த்துக் கணக்கிடச் சொன்னது. அதன்படி 2006-ல் முடிந்த கணக்கில் மெத்தமிடோபாஸின் வீரியத்தை 1 என்று வைத்து, மற்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளை அதற்கு ஈடாக மாற்றிக் கூட்டினார்கள்.

சில ஜோடிகளில் இந்தக் கூட்டலும் பொய்த்துவிடும். மாலத்தியானும் இ.பி.என். என்ற மருந்தும் சேர்ந்தால் விஷம் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு ஏறுவதை 1957-லேயே விலங்குச் சோதனையில் கண்டார்கள். மாலத்தியானை உடைத்து வெளியேற்றும் என்சைமை மற்றது முடக்கிவிடுகிறது.

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பல மருந்துகளைக் கலந்து அடித்ததும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

கடையில் கம்பெனிப் பெயரைப் பார்க்காமல், லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஒரே குடும்பத்து மருந்துகள் இரண்டைக் கலக்காதீர்கள். புரபெனோபாஸ், சைபர்மெத்ரின் கலந்தே வரும் பாட்டில்களும் உண்டு. அதோடு இன்னொரு பாஸைச் சேர்த்தால் டேங்கில் மூன்று மருந்து. நாள் கணக்கும் முக்கியம். முடங்கிய என்சைம் தேற வாரக்கணக்கில் ஆகும் என்பதால், காலையில் சொந்த வயல், மாலையில் கூலிக்கு அடுத்த வயல் என்று அடிப்பவருக்குக் கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போகும். ஆளை மாற்றி அடியுங்கள்.

அடித்த பிறகு வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், கண் மங்கல் வந்தால் உடுப்பைக் களைந்து சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அன்று டேங்கில் ஊற்றிய பாட்டில்கள் அத்தனையும் கூடவே போகட்டும்.