அடுத்த வீட்டுக்காரர் - 11: டேப் ரெக்கார்டர் யாரிடம் இருக்கட்டும்?

போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு கோவில்பட்டி வாசகர் ஒருவர் போஸ்ட் கார்டு போட்டிருந்தார். இந்தக் காலத்திலும் போஸ்ட் கார்டு வாங்கி எழுதுகிற ஆள் இருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷம். கேள்வி ஒன்றுதான்: ‘ரேடியோ ஏவிவிட்டு ருவாண்டாவில் மனிதனை மனிதன் வெட்டினான் என்கிறீர்கள். அதே ரேடியோ, வெட்டாதே என்று சொன்னால் கேட்பார்களா?’

இதே கேள்வியைச் சுமந்துகொண்டு ருவாண்டாவுக்கே போன ஒருவர் இருக்கிறார். எலிசபெத் லெவி பலக். அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி, இப்போது பிரின்ஸ்டனில் உளவியல் பேராசிரியர். இந்த வாரம் அவர் பார்த்துவிட்டு வந்த கதை.

போன இதழைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம். 1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா அதிபர் ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் டுட்சி இனத்தவர், கூடவே கொலைக்குத் துணைபோக மறுத்த ஹூட்டு இனத்தவர். ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி டுட்சிகளை ‘இன்யென்சி’ என்றே அழைத்தது. கரப்பான் பூச்சி என்று அர்த்தம். யார் எங்கே இருக்கிறார்கள், எந்த வண்டியில் போகிறார்கள் என்றெல்லாம் அறிவித்தது. அதை நடத்திய இருவருக்கு 2003இல் அருஷாவில் கூடிய சர்வதேச நீதிமன்றம் தண்டனை கொடுத்தது.

ஆனால் வாசகர் நினைப்பதுபோல் ரேடியோ சொன்னது, ஆள் அரிவாளை எடுத்தான் என்று அவ்வளவு நேர்கோட்டில் எதுவும் நடக்கவில்லை. போன வாரம் நானும் அப்படித் தொனிக்க எழுதிவிட்டேன், என் தவறு. ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர் சிறைகளுக்குள் போய், கொன்றவர்கள் 210 பேரிடம் பேசினார். அவர்களில் பெரும்பாலானோரை இழுத்துக்கொண்டு போனது ரேடியோ அறிவிப்பாளரின் குரல் இல்லை. வாசலில் வந்து நின்று கூப்பிட்ட ஆட்கள். ஊரே கிளம்புகிறது, நீ மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்ற அந்தப் பார்வை. போகாவிட்டால் நம்மையும் என்ன செய்வார்களோ என்ற பயம்.

அந்தப் பார்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான்.

இனி எர்வின் ஸ்டவுப். 1944இல் புடாபெஸ்ட்டில் ஆறு வயது யூதப் பையன். ஸ்வீடன் தூதரக அதிகாரி ராவுல் வாலன்பர்க் ஏற்பாடு செய்த பாதுகாப்புக் காகிதங்கள் அந்தக் குடும்பத்துக்கு உயிர் கொடுத்தன. அவர்கள் வீட்டில் வேலை செய்த பெண்மணி, அவர் யூதர் இல்லை, தன் உயிரைப் பணயம் வைத்து ஒளிந்திருந்தவர்களுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பையன் வளர்ந்து அமெரிக்காவில் உளவியல் பேராசிரியரானபோது வாழ்நாள் முழுக்கத் துரத்திய கேள்வி கொலைகாரர்களைப் பற்றியது மட்டும் இல்லை. வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றியது. ஊரில் பெரும்பகுதி கொல்வதுமில்லை, காப்பதுமில்லை, சும்மா நிற்கிறது. அந்தச் சும்மா நிற்றல்தான் கொல்கிறவனுக்கு முதல் அனுமதிச் சீட்டு என்பது ஸ்டவுப்பின் வாதம்.

1990களின் கடைசியில் அவரும் மனக்காயச் சிகிச்சையில் தேர்ந்த லாரி ஆன் பெர்ல்மனும் ருவாண்டாவுக்குப் போய்ப் பயிலரங்குகள் நடத்தினார்கள். உலகில் வேறு எங்கெல்லாம் இனப்படுகொலை நடந்தது, எந்தப் படிகளில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தது என்று வகுப்பெடுத்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல் எதுவாக இருந்தது தெரியுமா? நமக்கு மட்டும் நடக்கவில்லை என்பது. கடவுள் நம்மைத் தனியாகப் பொறுக்கியெடுத்துக் கைவிடவில்லை என்பது.

மனக்காயத்துக்கு ருவாண்டர்கள் ‘இஹஹாமுகா’ என்கிறார்கள். மூச்சே அடைத்துப்போகிற பயம் என்று சொல்லலாம். ஒவ்வோர் ஏப்ரலிலும் நினைவுக் கூட்டங்களில் ஒருவர் திடீரென்று அலறி விழ, அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று பரவும். அவர்களைக் கைத்தாங்கலாகத் தூக்கிச் செல்ல ஓரத்தில் ஆட்கள் தயாராக நிற்பார்கள். இதை ஏதோ மருத்துவச் சமாசாரம், அரசியலோடு என்ன சம்பந்தம் என்று தள்ளிவிட முடியாது. ஆறாத காயத்தோடு இருப்பவனுக்கு உலகமே அடிக்க வருகிற மாதிரிதான் தெரியும். அவன் முந்திக்கொண்டு அடிப்பான். பழைய பலியாளைப் புதிய கொலையாளி ஆக்குகிற வித்தை தெரிந்த அரசியல்வாதிக்கு அந்தப் பயம்தான் மூலதனம்.

ஆனால் பயிலரங்கில் எத்தனை பேரை உட்காரவைக்க முடியும்? நாடு முழுக்கப் போக வேண்டுமென்றால் ரேடியோதான். லா பெனவோலென்சியா என்ற டச்சுத் தொண்டு நிறுவனம் ஸ்டவுப்பையும் பெர்ல்மனையும் சேர்த்துக்கொண்டு, ருவாண்டா எழுத்தாளர்களை வைத்து ஒரு தொடர் நாடகம் தயாரித்தது. 2004இல் ஒலிபரப்பு தொடங்கியது. பெயர் ‘முசெகெவேயா’, புது விடியல்.

கதையில் ஹூட்டு, டுட்சி என்ற சொற்கள் கிடையாது. அந்தப் பிரிவினைப் பேச்சே அங்கே சட்ட விரோதம். பதிலாக இரண்டு ஊர்கள்: புமன்சி, முஹுமுரோ. மேலத்தெரு, கீழத்தெரு என்று நாடகத்தில் வந்தால் நமக்குப் புரியாதா? அவர்களுக்கும் புரிந்தது. நிலம் போதவில்லை. அரசாங்கம் ஓர் ஊருக்குச் சலுகை காட்டுகிறது, அந்த ஊர் செழிக்கிறது. மற்ற ஊரில் புகைச்சல். அதை ஊதிவிட ஒரு தலைவன். ஒருநாள் தாக்குதல், சாவு, அகதிகள். நடுவே இரண்டு ஊர்ப் பிள்ளைகள் இருவர் காதலிக்கிறார்கள்; இரண்டு ஊருமே எதிர்க்கிறது. அவர்கள் இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு பெரிய மனிதர்கள் முகத்துக்கு நேரே பேசத் தொடங்குகிறார்கள். நம் கிராமியப் படங்களின் கதைதான். அதனால்தான் எடுபட்டது என்றும் நினைக்கிறேன்.

பலக் இங்கேதான் நுழைகிறார். நாட்டின் வெவ்வேறு பகுதிகளில் சில சமூகங்களைத் தேர்ந்தெடுத்தார். சாதாரண ஊர்கள், படுகொலையில் தப்பியவர்களின் குடியிருப்புகள், ட்வா என்ற சிறுபான்மை இனத்தவரின் ஊர்கள், கொன்றவர்கள் அடைபட்ட சிறைகளும்கூட. பாதிப் பேருக்குப் புது விடியல். மீதிப் பேருக்கு எச்.ஐ.வி., உடல்நலம் பற்றிய வேறொரு நாடகம். அவருடைய குழு மாதம் ஒருமுறை டேப் ரெக்கார்டரோடு போகும். ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்து கேட்பார்கள். இப்படியே ஒரு வருஷம்.

வருஷக் கடைசியில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். முடிவு 2009இல் வெளியானது. நாடகத்தை உருவாக்கியவர்களுக்கு ஒரு விதத்தில் ஏமாற்றம்தான். வன்முறை எப்படி முளைக்கிறது, கலப்பு மணம் அமைதி தருமா என்றெல்லாம் கேட்டதற்கு இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னது. சொந்த நம்பிக்கை என்று உள்ளே எது இருந்ததோ, அது அசையவில்லை. மாறியது வேறொன்று. உன் பிள்ளைக்கு, வெளியே கட்டாதே, நம்ம ஆட்களிலேயே கட்டு என்று சொல்வாயா? பிடிக்காத ஒன்று கண்ணெதிரே நடந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாயா? இந்த இடத்தில் புது விடியல் கேட்டவர்களின் பதில் மற்றவர்களிடமிருந்து விலகியது. மனசுக்குள் என்ன நினைக்கிறோம் என்பது அப்படியே இருக்க, நாலு பேர் நடுவில் எதைச் சொல்லலாம், எதைச் செய்யலாம் என்ற கணக்கு மாறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ‘மறைமுகச் சார்பு’ பற்றி அரைநாள் பயிற்சி வைத்தார்கள். ஏ.சி. ஹால், திரையில் படங்கள், நடுவில் சமோசா. கண்ணை மூடுங்கள், ஒரு பெரிய டாக்டரை மனதில் நிறுத்துங்கள், ஆணா பெண்ணா, சிவப்பா கறுப்பா என்றார் பயிற்சியாளர். எல்லோருக்கும் ஒரே மாதிரி டாக்டர்தான் வந்திருந்தார். சிரித்தோம். வெட்கப்பட்டோம். சர்டிபிகேட் வாங்கினோம். மூன்றாவது வாரம் ஆள் எடுக்க இன்டர்வியூ. மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். எங்களில் மூத்தவர் எதிரே இருந்த பையனைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்:

“தம்பி எந்த ஊரு?”

பையன் சொன்னான்.

“ஊர்ல எந்தப் பக்கம்?”

தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் அந்த இரண்டாவது கேள்விக்கு உரை வேண்டாம். பையன் எச்சில் விழுங்கினான். கேட்டவரிடமும் அந்த சர்டிபிகேட் இருந்தது. எங்களிடமும் இருந்தது. நான் தலையைக் குனிந்து பயோடேட்டாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சார்பு என்பது அறியாமை, சுட்டிக்காட்டினால் போய்விடும் என்ற எண்ணம் அமெரிக்காவில் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. அதற்கு அடித்தளமான சோதனை 1998இல் வந்தது. திரையில் முகமும் சொல்லும் மாறி மாறி வரும். எதை எதோடு சேர்க்க விரல் எத்தனை மில்லிசெகண்ட் தயங்குகிறது என்று அளப்பார்கள். அதை உலகறியச் செய்தவர்களில் ஒருவரான மஹ்சரின் பனாஜி செகந்திராபாத்தில் வளர்ந்தவர். சோதனையில் விஷயம் இருக்கிறது. அதை நம்பி நடத்துகிற அரைநாள் பயிற்சிகள் மேல்தான் எனக்குச் சந்தேகம். 2018இல் பிலடெல்பியாவில் ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் பிடித்துப்போன பிறகு, அந்த நிறுவனம் ஒரு மத்தியானம் அமெரிக்காவில் சுமார் 8,000 கடைகளை மூடிப் பயிற்சி கொடுத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஓர் ஆய்வு வந்துவிட்டது. ஒன்பது விதமான பயிற்சி முறைகளை 6,300க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்திருந்தார்கள். எல்லா முறையிலும் சார்பு உடனே குறைந்தது. சில மணி நேரத்தில், அதிகம் போனால் சில நாளில், எல்லாமே பழைய இடத்துக்குத் திரும்பியது.

சரி, ருவாண்டாவுக்குத் திரும்புவோம். எனக்கு மிகப் பிடித்த கட்டம் இனிமேல்தான்.

கேள்விக்கு வாயால் சொல்கிற பதிலை பலக் முழுக்க நம்பவில்லை. ஆய்வு முடிந்த நாளில் ஒவ்வோர் ஊரிலும் சின்னதாக ஒரு விருந்து. நன்றிக்கடனாக ஊருக்கு ஒரு டேப் ரெக்கார்டரையும் நாடகக் கேசட்டுகளையும் பரிசாகக் கொடுத்தார்கள். உங்கள் எல்லோருக்கும் பொதுவானது, எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். வேலை முடிந்தது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பலக்கின் ஆட்கள் ஓரமாக இருந்து யார் என்ன பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் பெரும்பாலும் சட்டென்று முடிந்துபோனது. ஊர் அதிகாரியிடம் இருக்கட்டும் என்று ஒருவர் சொல்வார், கூட்டம் தலையாட்டும், கலையும். மிகுந்த கீழ்ப்படிதல் உள்ள நாடு அது. 1994இல் அதிகாரி சொன்னதும் கிளம்பிய கூட்டமும் இப்படித் தலையாட்டிய கூட்டம்தான். புது விடியல் கேட்ட ஊர்களிலும் முதலில் அதே யோசனைதான் வரும். ஆனால் யாராவது ஒருவர், அவரிடம் எதற்கு, வருஷம் முழுக்கக் கேட்டது நாம்தானே, நாமே பார்த்துக்கொள்ளக்கூடாதா என்பார். இன்னொருவர் மறுப்பார். சேர்ந்து கேட்பதற்கு என்ன வழி என்று பேச்சு நீளும். ஒரு டேப் ரெக்கார்டருக்கு இவ்வளவு பஞ்சாயத்தா என்று தோன்றும். எனக்கென்னவோ அந்தப் பஞ்சாயத்துக்காகவே நாடகத்துக்குச் செலவழித்த காசு தகும் என்று படுகிறது.

இதில் ஒரு முரணும் இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது. எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்த அந்த நாடகம் ஓடிய நாட்டில் அதிபர் ககாமேவை எதிர்த்துப் பேசுவது ஆபத்தான காரியம். பிரிவினைப் பேச்சுக்கு எதிரான அதே சட்டம் எதிர்க்கட்சிக்காரர்கள் மீதும் பாய்ந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் கிழக்கு காங்கோவில் எம்23 கிளர்ச்சியாளர்களுக்கு ருவாண்டா உதவுகிறது என்று ஐ.நா. நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் அந்தக் கிளர்ச்சியாளர்கள் கோமா நகரத்தையே பிடித்தார்கள்.

அதே கிழக்கு காங்கோவில் பலக் இன்னோர் ஆய்வும் செய்தார். அங்கேயும் சமாதான நாடகம் ஓடியது. இம்முறை சில பகுதிகளில் மட்டும் நாடகத்துக்குப் பின்னால் ஒரு கலந்துரையாடல் நிகழ்ச்சியைச் சேர்த்தார்கள். கேளுங்கள், உங்களுக்குள் பேசுங்கள், மனம் விட்டுப் பேசுங்கள் என்று தூண்டுகிற நிகழ்ச்சி. பேசினால் தீராதது உண்டா என்று நாம் எல்லோரும் நம்புகிறோம், அந்த நம்பிக்கையில்தான்.

பேசினார்கள், நிறையவே பேசினார்கள். பேசப் பேசப் பழைய கணக்குகள் எல்லாம் மேலே வந்தன. யார் நிலத்தை யார் பிடுங்கினான், யார் வீட்டை யார் கொளுத்தினான். ருவாண்டா மாதிரி சண்டை ஓய்ந்த ஊர் இல்லை அது. காயத்தில் இன்னும் ரத்தம் வந்துகொண்டிருந்தது. கடைசியில் அங்கேயும் வாய்ப்பேச்சை மட்டும் நம்பாமல் ஒரு சோதனை வைத்தார்கள். கலந்துகொண்டதற்குக் கூலியாக ஆளுக்கு ஒரு பை உப்பு. அதில் கொஞ்சம், உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கூட்டத்து மக்களுக்குத் தருவீர்களா என்று கேட்டார்கள்.

நாடகத்தோடு நிறுத்திக்கொண்டவர்களைவிட, கலந்துரையாடலும் கேட்டவர்கள்தான் உப்புப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

(தொடரும்)