ஒரு சிறு கள்ளியின் வழக்கு

பூண்டு ஒன்றுதான், அதனைப் பார்க்கும் கண்கள் வேறு. ஒருவனுக்கு மருந்தாகத் தோன்றுவது மற்றொருவனுக்கு நஞ்சாகத் தோன்றுகின்றது. ஒரு குலத்தார் கைகூப்பி வணங்கும் செடியை அயற்குலத்தார் அருவருப்புடன் நோக்குகின்றனர். இவ்விருவருள் யார் கூறுவது சரி என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு அரசாங்கத்தின் கையில் வந்து சேரும்பொழுது என்ன நிகழ்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண விரும்புவோர்க்கு வட அமெரிக்காவின் பாலைநிலத்தில் வளரும் பெயோட்டி என்னும் சிறு கள்ளியின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

ரெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியிலும் மெக்சிக்கோ நாட்டின் வடபகுதியிலும், முட்புதர்களின் நிழலில், மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடப்பது இக்கள்ளி. கள்ளியினத்தைச் சேர்ந்ததாயினும் இதற்கு முள் இல்லை. நீலம் கலந்த பச்சை நிறமும் பொத்தானைப் போன்ற உருண்டை வடிவமும் உடையது. நிலத்தின் மேலே தெரிவது சிறு குமிழ்தான். அடியிலே கிழங்கு போன்ற வேர் ஆழச் சென்றிருக்கும். வறண்ட நிலத்தில் தானாக முளைத்த செடி முதிர்ச்சி பெறுவதற்குப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் செல்லும்.

இதன் சதை மிகவும் கசப்பானது. உண்டவர்க்குக் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். பின்னர் நிறங்களும் ஒலிகளும் உருமாறித் தோன்றும். கண்முன் இல்லாத காட்சிகள் விரியும். இதற்குக் காரணமான மெஸ்கலின் என்னும் பொருளை 1897 ஆம் ஆண்டில் ஆர்தர் ஹெஃப்டர் என்ற ஜேர்மனிய விஞ்ஞானி பிரித்தெடுத்துத் தம்மிடமே பரிசோதித்துப் பார்த்தார். அதனை 1919 இல் வியன்னாவில் ஏர்ன்ஸ்ற் ஸ்பேத் என்பவர் ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார். இவ்வாறு விஞ்ஞானிகள் கண்டறிவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே அந்நிலத்து மக்கள் இதனை அறிந்திருந்தனர். ரெக்சாஸ் மாநிலக் குகையொன்றிற் கிடைத்த பெயோட்டித் துண்டுகள் ஏறக்குறைய 5,700 ஆண்டுகள் பழைமையானவை என ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர்.

தடையின் தொடக்கம்

மெக்சிக்கோவைக் கைப்பற்றிய ஸ்பானியர் இச்செடியைப் பேயின் கருவியாகவே கண்டனர். மெக்சிக்கோ நகரில் அமைந்திருந்த சமய விசாரணை மன்றம் 1620 ஆம் ஆண்டிலே பெயோட்டியைப் பயன்படுத்தலாகாது என ஆணை பிறப்பித்தது. அமெரிக்கக் கண்டத்தில் ஒரு செடிக்கு எதிராக எழுந்த மிகப் பழைய தடைகளுள் இஃது ஒன்று. அத்தடையின் காரணத்தை நாம் கவனித்தல் வேண்டும். உடலுக்குக் கேடு என்று அம்மன்றம் அஞ்சவில்லை. அச்செடியின் வாயிலாக மக்கள் தம் பழைய தெய்வங்களை நாடுகின்றனரே என்றுதான் அஞ்சிற்று.

ஆணை வந்தது, செடி மறையவில்லை. மலைகளிலே வாழ்ந்த விஹாரிக்கா மக்கள், விரிக்குட்டா எனப்படும் தம் புனிதப் பாலைநிலத்துக்கு ஆண்டுதோறும் நெடும்பயணம் செய்து இக்கள்ளியைச் சேகரிக்கும் வழக்கத்தைக் கைவிடவே இல்லை. அந்த யாத்திரைப் பாதையை உலக மரபுரிமைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ 2025 ஆம் ஆண்டிற் பதிவுசெய்தது. ஒரு காலத்திற் குற்றமாகக் கருதப்பட்ட பயணம் மற்றொரு காலத்தில் உலகத்தின் செல்வமாக மதிக்கப்படுகின்றது. காலத்தின் கோலம் இதுவன்றோ!

வடக்கே பரவிய வழிபாடு

நாம் பள்ளிப் புத்தகங்களிலே செவ்விந்தியர் என்று படித்த மக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிகுந்த துயரத்தில் இருந்தனர். வேட்டை நிலங்கள் பறிபோயின. காட்டெருமைக் கூட்டங்கள் அழிந்தன. குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் அடைக்கப்பட்டனர். பழங்குடி மக்களின் சடங்குகளையும் மருத்துவச் செயல்களையும் குற்றமாக்கும் விதிகளை ஐக்கிய அமெரிக்க அரசு 1883 இலே வகுத்தது. அந்த இருண்ட காலத்திலேதான் பெயோட்டி வழிபாடு குலத்துக்குக் குலம் பரவியது. கொமாஞ்சி குலத் தலைவரான குவானா பாக்கர் அதன் முதன்மையான ஆதரவாளராக விளங்கினார்.

அவ்வழிபாடு நிகழும் முறையைச் சிறிது கூறுவோம். மாலையிலே கூம்பு வடிவான கூடாரத்தினுள் அனைவரும் வட்டமாக அமர்வர். நடுவே தீ எரியும். பிறைவடிவில் மண்ணாலான மேடையின்மீது ஒரு பெயோட்டியை வைத்திருப்பர். நீர் நிரப்பிய சிறு முரசு ஒலிக்க, சுரைக்குடுக்கையிற் செய்த கிலுகிலுப்பையை அசைத்து ஒருவர்பின் ஒருவராகப் பாடுவர். நோயுற்றோர்க்காகவும் குடியினாற் சீரழிந்தோர்க்காகவும் விடிய விடியப் பிரார்த்தனை நடைபெறும். விடியலில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து வேண்டுதல் செய்வாள். சோளமும் இறைச்சியும் பழமும் பகிர்ந்துண்ட பின்னர் கலைந்து செல்வர். களியாட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர்களே அளந்து கொள்ளலாம்.

ஆயினும், இதனை அடியோடு தடைசெய்யும் மசோதா 1918 இல் அமெரிக்கக் காங்கிரசின் கீழ்ச்சபையிலே நிறைவேறியது, மேற்சபையிலே தோல்வியுற்றது. பழங்குடியினரின் வாழ்வை ஆராய்ந்த ஜேம்ஸ் மூனி என்னும் அறிஞர் அம்மக்களின் பக்கம் நின்று சாட்சியம் கூறினார். எழுத்திற் பதிவான சமயமாக இருந்தாலன்றிப் பாதுகாப்பில்லை என உணர்ந்த அம்மக்கள், அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஓக்லகோமா மாநிலத்தில் ‘பூர்வீக அமெரிக்கத் திருச்சபை’யைச் சட்டப்படி பதிவு செய்தனர்.

எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டுமே வந்தது என எண்ணுதல் தவறு. பழங்குடியினருள் மிகப்பெரிய குலங்களில் ஒன்றான நவஹோ மக்களின் சபை 1940 இலே தன் நிலத்திற் பெயோட்டியைத் தடைசெய்தது. இஃது எமது பழைய வழக்கமன்று, அயலிலிருந்து வந்தது என்பது அவர்களின் வாதம். அத்தடை நீங்குவதற்கு 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே இனத்துள்ளும் ஊருக்கு ஊர் மனப்பான்மை வேறுபடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நீதிமன்றத்திலே

கலிபோர்ணியாவில் 1962 ஆம் ஆண்டில் வழிபாடு நடந்துகொண்டிருந்த குடிலினுள்ளே பொலீசார் புகுந்து நவஹோ மக்கள் சிலரைக் கைது செய்தனர். கீழ்மன்றம் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டது. ஆனால் 1964 இல் அம்மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. அச்சமயத்தின் மையமே பெயோட்டி. அதனை விலக்கினால் வழிபாட்டின் உயிரே போய்விடும். அவ்வளவு பெரிய இழப்பை நியாயப்படுத்தும் தீமை எதனையும் அரசு நிரூபிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 1970 ஆம் ஆண்டின் ஒளடதக் கட்டுப்பாட்டுச் சட்டம் பெயோட்டியை மிகக் கடுமையான முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. ஆயினும் அத்திருச்சபையின் வழிபாட்டுக்கு மத்திய அரசின் விதிகளில் விலக்கு இருந்தது.

இனிமேற் கவலையில்லை என்று அம்மக்கள் எண்ணியிருந்த வேளையிலே ஒறிகன் மாநிலத்தில் ஒரு வழக்கு எழுந்தது. அல்பிரட் சிமித் என்பவர் கிளாமத் குலத்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தைப் பிரிந்து விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தவர். மதுவினால் வீழ்ந்து, பின் அதனை முற்றாகத் துறந்து, குடிப்பழக்கத்துக்கு ஆளானோர்க்கு ஆலோசனை கூறும் தொழிலிலே அமர்ந்திருந்தார். 1984 இல் அவர் திருச்சபையின் வழிபாட்டிற் கலந்துகொண்டு பெயோட்டியை உட்கொண்டார். அதன் பொருட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடன் பணிபுரிந்த கேலன் பிளாக் என்பவருக்கும் அதே கதி நேர்ந்தது. வேலையற்றோர்க்குரிய உதவிப்பணமும் இருவர்க்கும் மறுக்கப்பட்டது.

வழக்கின் தொகை சிறிது, கேள்வி பெரிது. நாட்டின் தலைமை நீதிமன்றமாகிய ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1990 ஏப்ரில் மாதத்தில் அவ்விருவருக்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லார்க்கும் பொதுவாக இயற்றப்பட்ட சட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தம் சமயத்தைக் காட்டி விலக்குக் கேட்பாராயின் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சட்டமாகிவிடுவர் என்பது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்கேலியாவின் கருத்து. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒழுங்கு வேண்டுமென்பார் எவரும் சிறிது சிந்திக்க வேண்டிய வாதமே.

ஆயினும் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். அதே நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்திலே கிறிஸ்தவக் கோயில்களின் பலிபூசைக்கு வேண்டிய திராட்சரசத்துக்குச் சட்டமே விலக்களித்திருந்தது. பெருந்தொகையினரின் சமயத்துக்கு வாயில் தானாகத் திறந்தது. சிறுதொகையினரோ கதவைத் தட்டித் தட்டிக் கை சலித்தனர். சட்டம் பொதுவானதாயினும் அதனை இயற்றுவோரின் உள்ளம் எப்பொழுதும் பொதுவாக இருப்பதில்லை.

தீர்ப்பைக் கேட்டு நாடெங்குமுள்ள பல சமயத்தாரும் திடுக்கிட்டனர். இன்று பெயோட்டிக்கு வந்தது நாளை நமக்கும் வாராதோ என அஞ்சினர். 1993 இல் சமய சுதந்திரத்தை மீள நிலைநிறுத்தும் சட்டமொன்று பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே, பழங்குடி மக்கள் தம் மரபுச் சடங்குகளுக்காகப் பெயோட்டியை வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் பயன்படுத்துவதும் நாடெங்கும் சட்டபூர்வமானவை எனத் தனிச்சட்டம் நிறைவேறியது. தோற்றவரின் வழக்கே அவருடைய மக்களுக்கு வெற்றியைத் தேடித் தந்தது.

நாட்டுக்கு நாடு

உலக நாடுகள் 1971 இலே கூடிச் செய்த உளத்தூண்டற் பொருட்கள் பற்றிய உடன்படிக்கை மெஸ்கலினைத் தடைசெய்தது. ஆயினும் தத்தம் நிலத்திற் காட்டுச்செடியாக வளர்வனவற்றைச் சிறு குழுவினர் மரபாகச் சடங்கிற் பயன்படுத்தி வருவாராயின், அந்நாடுகள் விலக்குக் கோரலாம் என்றும் அதிலே இடம் வைத்தது. தென் அமெரிக்காவின் அயகுவாஸ்கா என்னும் மூலிகைக் கஷாயத்தின் கதையும் இத்தகையதே. பேரு நாடு அமேசன் காட்டுக் குடிகளின் அயகுவாஸ்கா அறிவையும் பயன்பாட்டையும் 2008 இலே தேசிய பண்பாட்டு மரபுரிமையாகப் பிரகடனம் செய்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2005 இல், பிரான்சு அதனைத் தடைசெய்திருந்தது. கடலின் இக்கரையிற் செல்வம், அக்கரையிற் குற்றம்.

நம் நாட்டு நிலையும் முற்றிலும் வேறன்று. கஞ்சாவும் அபினும் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகச் சேர்ந்து வந்த சரக்குகள். அவற்றைப் பொதுமக்கள் வைத்திருத்தல் குற்றம். வைத்தியத் தேவைக்கு மட்டும் சட்டம் தனிவழி வைத்துள்ளது. மருந்து, நஞ்சு என்னும் இரு சொற்களுக்கு இடையிலே எங்கே கோடு கீறுவது என்பது இங்கும் எளிதான காரியமன்று.

இளைஞர்கள் இதனைப் படித்துவிட்டுத் தவறான முடிவுக்கு வந்துவிடலாகாது. மெஸ்கலின் விளையாட்டுப் பொருளன்று. அது இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். மனநோய்க்கு இடமுள்ளவர்க்குப் பெருங்கேடு விளைக்கவும் கூடும். வழிபாட்டிலே நெடுங்காலம் பெயோட்டியை உட்கொண்டு வந்த நவஹோ மக்களை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர்கள், அவர்களின் அறிவாற்றலிற் குறைபாடு காணவில்லை என 2005 இல் வெளியிட்டனர். ஆனால் அம்முடிவு மூத்தோரின் கண்காணிப்பும் நோன்பும் கட்டுப்பாடும் சூழ்ந்த ஒரு வாழ்க்கைக்கு உரியது. அவ்வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் செடியை மட்டும் எடுத்துக்கொள்வோர்க்கு அது பொருந்தாது.

இன்றைய ஆபத்து

சட்டத்தில் வென்ற அம்மக்களை இப்பொழுது வேறொரு கவலை வாட்டுகின்றது. செடியே அருகி வருகின்றது. ரெக்சாஸ் நிலத்தின் பெரும்பகுதி தனியார் பண்ணைகள். உழுகருவிகள் புதர்களை வேரோடு பெயர்க்கின்றன. குமிழை மட்டும் நறுக்கி வேரை விட்டுவைத்தாற் செடி மீண்டும் தழைக்கும். அவசரக்காரரும் திருடரும் வேரோடு தோண்டிவிடுகின்றனர். இதனைக் கண்ட பழங்குடியினர் 2017 இலே தென் ரெக்சாசில் 605 ஏக்கர் நிலத்தைப் பெற்றுச் செடியைப் பேணத் தொடங்கினர்.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் சில இத்தகைய மூலிகைகள் மீதான தடையைத் தளர்த்த முன்வந்தன. அப்பொழுது பெயோட்டியை அப்பட்டியலிற் சேர்க்க வேண்டாம் என வேண்டியவர்கள் யார்? அதனைப் புனிதமெனப் போற்றும் அப்பழங்குடியினரே! எல்லார்க்கும் திறந்துவிட்டால் ஒருவர்க்கும் மிஞ்சாது என்பது அவர்களின் அச்சம். அதனை ஏற்றுக் கொலராடோ மாநிலம் 2022 இற் செய்த சட்டத்திலே பெயோட்டி விலக்கி வைக்கப்பட்டது.

தடையை எதிர்த்து ஒரு நூற்றாண்டு போராடியவர்களே இன்று காவலை வேண்டி நிற்கின்றனர். இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அன்று அவர்கள் கேட்டது மனம்போனவாறு உண்ணும் உரிமையன்று. தம் முன்னோர் வழியிலே வணங்கும் உரிமை. இன்று கேட்பதும் அதுவே. ஒரு செடியைப் பற்றிச் சட்டம் செய்ய முற்படுவோர், அச்செடியோடு வாழ்ந்தவர்களை முதலில் அழைத்துக் கேட்பாராயின், பல வழக்குகள் தோன்றாமலே போயிருக்கும்.