முன்பதிவில் முன்கவனம்

பாலக்காடும் இடுக்கியும் தமிழ்நாட்டை ஒட்டிய கேரள மாவட்டங்கள். விடுமுறையில் சென்னை, கோவை, தேனி முதலிய ஊர்களிலிருந்து உறவினர் பலர் இங்கு வருவர். அவர்கள் தங்க வீடோ அறையோ இணையத்தின் வழியே முன்பதிவு செய்யப்படுகிறது. கைப்பேசியை எளிதாகக் கையாளும் பிள்ளைகளிடமே பல வீடுகளில் இப்பணி ஒப்படைக்கப்படுகிறது. இதில் சிறு பிழை நேர்ந்தாலும், முதியோரும் குழந்தைகளும் மலைக்குளிரில் இரவு தங்க இடமின்றித் தவிக்க நேரிடும். ஆதலால் நான்கு செய்திகளைச் சரிபார்த்தல் வேண்டும்.

முதலாவது, இடம். ‘மூணாறு’ என்று விளம்பரம் செய்யப்படும் விடுதிகள் பல, ஆனச்சால், சின்னக்கானல் முதலிய வேறு ஊர்களில் உள்ளன. ஆகவே தலைப்பை மட்டும் நம்பாமல், முழு முகவரியையும் படிக்க வேண்டும். வரைபடத்தில் அருகில் தெரிவது சாலையில் தொலைவாக இருக்கலாம். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் சுற்றுலாப் பயணிகள் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் சென்றே அதனை அடைகின்றனர். இரவில் அக்காட்டுச் சாலையில் செல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

இரண்டாவது, நாள். சென்னையிலிருந்து மே 10 இரவு புறப்படும் குடும்பம் 11 காலையில்தான் மூணாற்றை அடையும். 10ஆம் நாளுக்கு அறை பதிவு செய்தால் ஓர் இரவின் வாடகை வீணாகும். ‘வராதவர்’ எனக் கருதி முழுப் பதிவையும் நீக்கிவிடுதலும் உண்டு. விடுதிகள் பல பிற்பகலில்தான் அறையைத் தரும். எனவே காலையில் வருவோர் அதனை முன்னரே கேட்டறிதல் நன்று. பருவத்தையும் கருத வேண்டும். மூணாற்றுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா, வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாக மூடப்படும்.

மூன்றாவது, பெயர். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளவாறே பெயரை நிரப்ப வேண்டும். வருவோர் எண்ணிக்கையில் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும்.

நான்காவது, பணம். பதிவை நீக்கினால் எவ்வளவு தொகை, எந்நாள் வரை திரும்பக் கிடைக்கும் என்பதைப் பணம் செலுத்துமுன் படிக்க வேண்டும். தளத்திற்கு வெளியே தனியாகப் பணம் அனுப்புதல் கூடாது. பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. “முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம், இரகசிய எண்ணை இடுங்கள்” என்று எவரேனும் கூறினால் அது ஏமாற்றே. பணம் இழந்தவர் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும்.

பதிவை உறுதி செய்யுமுன், இந்நான்கையும் பெரியவர் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுதல் சிறந்த பழக்கம். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பிழை மற்றவர் காதில் விழும்.

பொருள் அறிக
முன்கவனம் – முன்னெச்சரிக்கை
ஈனுதல் – குட்டி போடுதல்
முறையிடுதல் – புகார் செய்தல்

விடை எழுதுக
1. பறம்பிக்குளத்திற்குச் சுற்றுலாப் பயணிகள் எவ்வழியாகச் செல்கின்றனர்?
2. மே 10 இரவு சென்னையில் புறப்பட்டு, 13 காலை மூணாற்றிலிருந்து திரும்பும் குடும்பம் எத்தனை இரவுகளுக்கு அறை பதிவு செய்ய வேண்டும்?
3. உம் வீட்டிற்கு வரும் உறவினருக்காகச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று எழுதுக.