துணைச் செயலியை எழுப்புவது எப்படி?

தொழிற்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ளங்கை அளவுள்ள கணினிப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவரக் காண்கிறோம். 2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் அவற்றுள் ஒன்று.

அதன் சில்லில் பெரிய செயலியோடு இரண்டு சிறு துணைச் செயலிகளும் உள்ளன. பெரியது வேகமானதுதான். ஆனால் லினக்ஸில் பல வேலைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதால், மோட்டாருக்குக் குறித்த கணத்தில் சைகை அனுப்பும் என்று நம்ப முடியாது. துணைச் செயலியோ பெரும்பாலான கட்டளைகளை, ஒரு நொடியை இருபது கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடும்.

பின் அது ஏன் சும்மா கிடக்கிறது? பெரட்டில் பெயர் கூப்பிடாத ஆளுக்கு வேலை ஏது? இங்கே பெயர் கூப்பிடுவது 'இயக்கி' என்னும் மென்பொருள். டெபியன் லினக்ஸ் போட்ட பலகையில் 'யூஎன்வி' என்ற கோப்பைத் திறந்தால் அதற்கான வரிகள் இருக்கும். வரியின் தலையிலுள்ள வேலிக்குறியை எடுத்தால் அது உயிர்பெறும். ரிமோட்பிராக், யூஐஓ என இருவகை உண்டு. ஒன்றை மட்டுமே திறக்க வேண்டும். புதியவர்களுக்கு ரிமோட்பிராக்கே நல்லது என்போம். முதலில் கோப்பை நகலெடுத்து வையுங்கள். எழுத்துப் பிசகினால் பலகை கிளம்பாமலே போகலாம். மாற்றியபின் கணினியை அணைத்துப் போடுங்கள்.

இன்னொன்று: பலகையின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. மோட்டாரை நேரே மாட்டினால் பலகை வீணாகிவிடும். இடையே தனிச் சுற்று வேண்டும்.